திரும்பி வராத ஆற்றல்

ஜோவிதாவின் அப்பா சிரில், யாராவது கேட்டால், "என் பொண்ணு சயின்டிஸ்ட்" என்று சொல்லிவிட்டு, அடுத்த கேள்வி வருவதற்குள் பேச்சை வேறு பக்கம் திருப்பிவிடுவார். பெங்களூர் காக்ஸ் டவுனில் ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து மாதா கோயில் வாசலில் நிற்கிறவர்கள் அவ்வளவு சுலபமாக விடுவதில்லை. ராக்கெட்டா, சாட்டிலைட்டா என்று கேட்பார்கள். "அதெல்லாம் இல்ல. சூரியன்லேர்ந்து காத்து வருதாம். அதுல ஏதோ பாக்குறா" என்பார் அவர்.

அவர் சொன்னது தப்பில்லை. சூரியனிலிருந்து எல்லாப் பக்கமும் ஒரு வாயு ஓயாமல் வெளியேறிக்கொண்டிருக்கிறது. சாதாரண வாயு அல்ல. சூட்டில் அணுக்கள் உடைந்து, எலெக்ட்ரான் தனி, மிச்சம் தனி என்று மின்சாரம் ஏறிய வாயு. அதற்குப் பிளாஸ்மா என்று பெயர். வெளியேறும்போது சூரியனின் காந்தப்புலத்தையும் இழுத்துக்கொண்டே வருகிறது. தூரம் போகப் போக அது ஆறிப்போக வேண்டும். ஆனால் கணக்குப்படி ஆற வேண்டிய அளவுக்கு அது ஆறுவதில்லை. வழியில் எதுவோ அதைச் சூடேற்றுகிறது.

சூடேற்றுவது கொந்தளிப்பு என்று பெரும்பாலோர் நம்புகிறார்கள். அந்தக் காற்றில் லட்சக்கணக்கான கிலோமீட்டர் அகலமுள்ள பெரிய சுழல்கள் இருக்கின்றன. அவை உடைந்து சின்னச் சுழல்களாகின்றன, அவை இன்னும் சின்னதாக. பெரிய சுழலில் இருந்த ஆற்றல் ஒவ்வொரு படியாகக் கீழே இறங்கி, கடைசியில் இனி உடைய முடியாத அளவில் சூடாக மாறுகிறது. தண்ணீரிலும் இதுதான் நடக்கிறது. ஆனால் தண்ணீரில் எல்லாத் திசையும் ஒன்று. பிளாஸ்மாவில் காந்தப்புலம் ஒரு திசையைப் பிடித்து வைத்திருக்கிறது. சுழல்கள் அந்தத் திசையில் நீண்டு, குறுக்கே மெலிந்து, நாடா நாடாவாகக் கிழிகின்றன. ஒவ்வொரு படியிலும் எவ்வளவு ஆற்றல் இறங்குகிறது, எந்தத் திசையில், எவ்வளவு வேகமாக என்பதை அளப்பதுதான் ஜோவிதாவின் வேலை. நகரின் வடக்கே ஓர் ஆராய்ச்சி நிலையத்தில், வருஷா வருஷம் புதுப்பிக்கப்படும் கான்ட்ராக்டில் இருந்தாள். வயது முப்பத்துநான்கு. அம்மா பிரிஜெட் இறந்து எட்டு வருஷம் ஆகியிருந்தது. வீட்டில் அவளும் அப்பாவும் மட்டும்.

நிலையத்தில் அவள் இருந்த அறையில் இரண்டு மேஜைகள். ஒன்று அவளுடையது. இன்னொன்று கவினுடையது.

கவின் நகரின் தென்பக்கம், அடுகோடிக்காரன். அவன் அப்பா எத்திராஜ் அங்கே இரண்டு லேத்து மெஷின் வைத்து பட்டறை நடத்துகிறார். காட்பாடிப் பக்கத்திலிருந்து பிழைக்க வந்த குடும்பம். கவின் படித்ததெல்லாம் பெங்களூரில்தான். எதையும் அவசரமாகச் செய்யமாட்டான். ஒரு புரோகிராம் எழுதினால் அதைச் சோதிக்க மூன்று மடங்கு நேரம் எடுத்துக்கொள்வான். ஜோவிதா பொறுமை இழந்து, "போதும்டா, ஓட்டிப் பாத்துடலாம்" என்பாள். "அப்பாகிட்ட அரை நூல் அளவு தப்பா கடைஞ்சா அந்த ராடு ஸ்க்ராப்புக்குத்தான் போவும். உனக்கு இன்னா, மறுபடி ஓட்டுவ" என்று சிரித்துக்கொண்டே திரும்பவும் முதலிலிருந்து பார்ப்பான்.

காந்தப்புலமுள்ள பிளாஸ்மாவை ஒரு கம்ப்யூட்டர் பெட்டிக்குள் கலக்கிவிட்டு, எந்த அளவிலான சுழலிலிருந்து எந்த அளவுக்கு ஆற்றல் போகிறது என்று அளக்கும் புரோகிராமை அவன்தான் எழுதினான். இரண்டரை வருஷம் ஆனது. பேராசிரியர் தேசிகன்தான் அந்தக் குழுவுக்குத் தலைவர். அவரே ஒருமுறை, "இவ்வளவு சுத்தமான புரோகிராம் நம்ம குரூப்ல இதுவரைக்கும் யாரும் எழுதினதில்ல" என்றார்.

இரண்டாயிரத்து இருபத்திரண்டு செப்டம்பரில் கவினுக்குக் காய்ச்சல் வந்தது. முதல் இரண்டு நாள் மாத்திரை போட்டுக்கொண்டு வேலைக்கு வந்தான். மூன்றாம் நாள் டெங்கு என்று தெரிந்து ஆஸ்பத்திரியில் சேர்த்தார்கள். பிளேட்லெட் இறங்கிக்கொண்டே போனது. நாலாம் நாள் ஐசியூ.

அதே வாரம்தான் வேறு ஊரிலிருந்த பெரிய கம்ப்யூட்டரில் அவர்களுக்கு ஒதுக்கியிருந்த நேரம் முடிகிற வாரம். மாத இறுதிக்குள் ஓட்டாவிட்டால் அடுத்த ஒதுக்கீடு ஒரு வருஷம் கழித்து. ஐசியூவுக்குப் போகும் முன் கவின், "எல்லாம் ரெடியாத்தான் இருக்கு. நீ ஓட்டிடு" என்று போனில் சொன்னான். ஜோவிதா ஐசியூ வாசலில் பிளாஸ்டிக் நாற்காலியில் லேப்டாப்பை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்தாள். பக்கத்தில் எத்திராஜும் அவர் மனைவி வனஜாவும். ரத்தம் கொடுக்க ஆள் கூப்பிட்டாள், காப்பி வாங்கிக் கொடுத்தாள், நடுநடுவே கம்ப்யூட்டரைப் பார்த்தாள். ஆறாம் நாள் காலை பத்தரைக்கு கவின் இறந்துபோனான். இருபத்தொன்பது வயது.

ஓட்டிய கணக்கு முடிந்திருந்தது. இரண்டு வாரம் கழித்து அதைத் திறந்து பார்த்தபோது, யாரும் எதிர்பார்க்காத ஒன்று தெரிந்தது. ஆற்றல் பெரிய சுழலிலிருந்து சின்னச் சுழலுக்கு இறங்கிக்கொண்டே வந்து, கடைசிக்குக் கொஞ்சம் முன்னால், அதில் ஐந்தில் ஒரு பங்கு திரும்பி மேலே ஏறியது. சின்னச் சுழல்களிலிருந்து பெரிய சுழல்களுக்கு. அதுவும் காந்தப்புலத்தின் பங்கில் மட்டும். அது உண்மையானால் சூரியக் காற்றில் எவ்வளவு சூடு உண்டாகிறது என்ற கணக்கையே மாற்றி எழுத வேண்டும்.

தேசிகன் நாலு தடவை கேட்டார், செக் பண்ணியா என்று. பண்ணினாள். பெட்டியை ஓட்டிய முறை, கலக்கிய விதம், எண்கள் எல்லாம் பார்த்தாள். அளக்கும் புரோகிராமைப் பார்க்கவில்லை. அது கவினுடையது. அதைச் சந்தேகப்பட அவர்கள் யாருக்கும் தோன்றவில்லை.

கட்டுரை மூன்று பேர் பெயரில் வெளியானது. கவின் பெயருக்கு மேலே ஒரு சிலுவைக் குறி, கீழே 'மறைந்தவர்' என்ற குறிப்பு. வெளிநாடுகளில் அதை மேற்கோள் காட்டினார்கள். தேசிகனுக்கு அதை வைத்து ஒரு பெரிய திட்டம் கிடைத்தது. எத்திராஜ் முதலாமாண்டு நினைவஞ்சலி போஸ்டர் அடித்து அடுகோடி முழுக்க ஒட்டினார். கவினின் பாஸ்போர்ட் போட்டோவைப் பெரிசாக்கி, அதன் கீழே: 'சூரியக் காற்றில் ஆற்றல் திரும்பி வருவதைக் கண்டுபிடித்தவன்'. வாசகம் எழுத உதவி கேட்டு அவர் ஜோவிதாவுக்குத்தான் போன் செய்திருந்தார். அந்த வரி அவள் எழுதிக் கொடுத்தது.

இரண்டாயிரத்து இருபத்துநான்கு அக்டோபரில் ஒரு மத்தியானம் லாவண்யா ஒரு படத்தைக் கொண்டுவந்து மேஜையில் வைத்தாள். லாவண்யா பிஎச்டி மூன்றாம் வருஷம். ஈரோட்டுப் பெண், கவினைப் பார்த்ததில்லை. அந்தத் திரும்பி வரும் ஆற்றல் எதனால் உண்டாகிறது என்பதுதான் அவளுடைய ஆய்வு.

"அக்கா, நான் எங்கயோ சொதப்பிட்டேன் போல. எவ்வளவு தேடியும் தெரியல."

புதிய கம்ப்யூட்டர் வந்திருந்தது. லாவண்யா பழைய கணக்கையே, எதையும் மாற்றாமல், இரண்டு மடங்கு பொடியான கட்டத்தில் ஓட்டியிருந்தாள். முன்பு பெட்டியின் ஒரு பக்கத்தில் ஆயிரத்து இருபத்துநான்கு புள்ளிகள், இப்போது அதைப்போல் இரண்டு மடங்கு. அதே பிளாஸ்மா, அதே காந்தப்புலம், அதே கலக்கு. ஆனால் ஐந்தில் ஒரு பங்கு திரும்பி வந்த இடத்தில் ஒன்றுமே இல்லை. கோடு பூஜ்யத்தோடு ஒட்டிக்கொண்டு ஓடியது.

ஜோவிதா ஒரு வாரம் லாவண்யாவின் வேலையில் தப்பு தேடினாள். தப்பு இல்லை. எட்டாம் நாள்தான் அந்தப் படத்தைக் கையில் வைத்துக்கொண்டு அப்படியே உட்கார்ந்தாள். இயற்கைக்கு நம்முடைய கட்டம் எவ்வளவு பொடி என்று தெரியாது. கட்டத்தை மாற்றினால் மறைகிற ஒன்று பிளாஸ்மாவில் இருந்ததல்ல. கட்டத்தில் இருந்தது.

கவினின் புரோகிராமை அவள் அன்றுதான் வரி வரியாகப் படித்தாள்.

இரண்டு அலைகளைப் பெருக்கினால் இன்னும் பொடியான ஓர் அலை பிறக்கும். கட்டத்தில் அடங்காத அளவுக்கு அது பொடியாக இருந்தால், கம்ப்யூட்டர் அதைத் தொலைத்துவிடுவதில்லை. வேறொரு பெரிய அலையாக எண்ணி, தப்பான இடத்தில் சேர்த்துவிடும். ஓடுகிற மின்விசிறியை செல்போனில் படமெடுத்தால் இறக்கை பின்னோக்கிச் சுற்றுவது போல் தெரியுமே, அந்த மாதிரி. அதனால் பெருக்குவதற்கு முன்பே மிகப் பொடியான அலைகளில் மூன்றில் ஒரு பங்கை வெட்டி எறிந்துவிட வேண்டும். இந்தத் துறையில் எல்லோருக்கும் தெரிந்த விஷயம். கவின் திசைவேகப் பகுதியில் வெட்டியிருந்தான். காந்தப் பகுதியில் வெட்டும் வரி இருந்தது. ஆனால் அது வேலை செய்யாதபடி முன்னால் ஒரு குறி போட்டு அணைக்கப்பட்டிருந்தது.

கவினா இதை அணைத்தான்? அவளால் நம்ப முடியவில்லை. புரோகிராமில் யார் எப்போது எதை மாற்றினாலும் பதிவாகியிருக்கும். அந்தப் பதிவைத் திறந்தாள். தேதி, இரண்டாயிரத்து இருபத்திரண்டு செப்டம்பர் இருபத்தெட்டு, மாலை நாலு பத்து. கவின் இறப்பதற்கு முந்தைய நாள். மாற்றியவர் பெயர் ஜோவிதா. பக்கத்தில் ஒரு வரிக் குறிப்பு: மெமரி போதவில்லை, தற்காலிகமாக அணைத்திருக்கிறேன், கவின் வந்ததும் சரிசெய்ய வேண்டும்.

அவளுக்கு நினைவே இல்லை. வெட்டுவதற்குக் காந்தப்புலத்தின் நகல் ஒன்று தனியாக வேண்டும், அது பெரிய கம்ப்யூட்டரின் மெமரியில் அடங்கவில்லை, கணக்கு பாதியில் நின்றுநின்று போனது என்பது மட்டும் மெல்ல ஞாபகம் வந்தது. அந்த நாற்காலி ஞாபகம் வந்தது. மறுநாள் நடந்ததற்குப் பிறகு அந்த வரி அவள் தலையிலிருந்து அழிந்துபோயிருந்தது.

வரியை மறுபடி இயக்கி, பழைய கணக்கையே அளந்து பார்த்தாள். ஆற்றல் கீழே இறங்கியது, கடைசிவரை இறங்கியது. எங்கும் திரும்பவில்லை.

தேசிகன் முதலில் நன்றாகத்தான் நடந்துகொண்டார். படங்களைப் பார்த்தார், இரண்டு கேள்வி கேட்டார், கண்ணாடியைக் கழற்றி வைத்துவிட்டு, "வாபஸ் வாங்கிடலாம். வேற வழி இல்ல" என்றார். அவர் குரலில் கோபமில்லை. அந்தத் திட்டம் என்ன ஆகும் என்று அவர் அன்று பேசவே இல்லை.

பத்து நாள் கழித்து ஆய்விதழுக்கு அனுப்ப வேண்டிய வாபஸ் குறிப்பை எழுதி அவளிடம் கொடுத்தார். ஆறே வரி. மூன்றாவது வரியில், இணை ஆசிரியரான மறைந்த கவின் எழுதிய அளவீட்டு நிரலில் ஒரு பிழை கண்டுபிடிக்கப்பட்டதால் என்று இருந்தது.

"சார், கவின் எழுதினதுல பிழை இல்ல. நான் மாத்தினதுலதான்."

"புரோகிராம் அவன் எழுதினதுதானே? அதுல பிழை இருந்ததுன்னுதான் போட்டிருக்கேன். பொய் இல்லையே."

"படிக்கிறவங்க அவன் தப்பு பண்ணினான்னுதானே சார் நினைப்பாங்க?"

தேசிகன் எழுந்து போய்க் கதவைச் சாத்திவிட்டு வந்தார்.

"இத பாரு ஜோவிதா. மார்ச்ல உன் கான்ட்ராக்ட் முடியறது. கமிட்டி முன்னாடி நான்தான் உக்காரணும். செக் பண்ணாம ஒரு லைன அணைச்சிருக்கா, ரெண்டு வருஷம் கவனிக்கல, அதால நிலையத்துக்கே கெட்ட பேர்னு எழுத்துல இருந்தா, நான் என்ன சொல்லி உன்னக் காப்பாத்தறது? செத்தவனுக்குக் கான்ட்ராக்ட் இல்ல. உனக்கு இருக்கு."

"அவங்க அப்பா அம்மா இருக்காங்க சார்."

"அவா இந்த ஜர்னலப் படிக்கப் போறாளா?"

அவர் அதைக் கொடூரமாகச் சொல்லவில்லை. களைத்துப்போய்ச் சொன்னார். அதனால்தான் இரண்டு நாள் டைம் கேட்டுவிட்டு வந்தாள்.

மறுநாள் காலை தோசை ஊற்றிக்கொண்டே அப்பாவிடம் எல்லாவற்றையும் சொன்னாள். சூரியக் காற்று அவருக்குப் புரியவில்லை. மற்றது புரிந்தது.

"நீ சொல்லலன்னா யாருக்குத் தெரியும்?"

"யாருக்கும் தெரியாது டாடி. ரெக்கார்ட நோண்டிப் பாத்தாத்தான் தெரியும். யாரும் பாக்க மாட்டாங்க."

சிரில் தட்டைப் பார்த்துக்கொண்டிருந்தார். இரண்டு பேருக்கும் அவளுடைய சம்பளமும் அவருடைய சின்னப் பென்ஷனும்தான். அவர் அதைச் சொல்லவில்லை. கொஞ்சம் கழித்து, "அந்தப் பையன் நம்ம வீட்ல உக்காந்து சாப்ட்ருக்கான்" என்றார். கை கழுவ எழுந்து போனார்.

ஜோவிதா மூன்றாவது வரியை மாற்றி எழுதினாள். கவின் எழுதிய நிரல் சரியாகவே இருந்தது, அவருக்குத் தெரியாமல் தன்னால் செய்யப்பட்ட ஒரு மாற்றமே பிழைக்குக் காரணம் என்று தன் பெயரைப் போட்டாள். தேசிகன் அதைப் படித்துவிட்டு, "உன் இஷ்டம்" என்று கையெழுத்துப் போட்டார். அன்றிலிருந்து அவளிடம் வேலை விஷயங்களை மின்னஞ்சலில் மட்டும் பேசினார்.

குறிப்பு வெளிவருவதற்கு முன் அடுகோடிக்குப் போய்விட வேண்டும் என்று நினைத்தாள். ஒரு சனிக்கிழமை காலை பதினோரு மணிக்கு பஸ் இறங்கி நடந்தாள். பட்டறையில் ஒரு லேத்து ஓடிக்கொண்டிருந்தது. எத்திராஜ் அவளைப் பார்த்ததும் மெஷினை நிறுத்திவிட்டு, பனியனில் கையைத் துடைத்தபடி வந்தார்.

"வாம்மா, வா. இன்னா இவ்ளோ நாளா ஆளையே காணோம்? வனஜா, யாரு வந்துகிறாங்க பாரு!"

பட்டறைக்குப் பின்னால்தான் வீடு. வனஜா சமையலை அப்படியே விட்டுவிட்டு வந்து, அவள் கையைப் பிடித்துக்கொண்டாள். "எளச்சிப் போய்ட்டியேமா. சாப்ட்டுத்தான் போணும்."

ஜோவிதா உட்காரவில்லை. உட்கார்ந்தால் சொல்ல முடியாமல் போய்விடும் என்று தோன்றியது. நின்றபடியே சொன்னாள். கட்டுரை தப்பு, வாபஸ் வாங்குகிறோம், ஆற்றல் திரும்பி வருவதாகச் சொன்னது உண்மையில்லை என்று.

எத்திராஜ் ஒரு பட்டறைக்காரர் கேட்கிற மாதிரிதான் கேட்டார்.

"எங்க தப்பு வந்துச்சு? என் பையன் எழுதனதுலயா?"

"இல்ல அங்கிள். அவன் எழுதினது கரெக்ட். சுத்தமா கரெக்ட். நான்தான் ஒரு லைன அணைச்சிட்டேன். அப்புறம் போட மறந்துட்டேன்."

"அவன்கிட்ட கேட்டியா?"

"கேட்க முடியல அங்கிள். அவன் ஐசியூல இருந்தான்."

வனஜாவின் கை அவள் கையிலிருந்து விலகியது.

"ஐசியூலன்னா, அன்னைக்கா? நம்ம அந்த வாசல்ல குந்தினு இருந்தமே, அப்பவா?"

"ஆமா ஆண்ட்டி."

"அவன் உள்ள கெடந்தான். நீ பக்கத்துல குந்திகினு இதைத்தான் தட்டினு இருந்தியா?" வனஜா கத்தவில்லை. உண்மையிலேயே புரிந்துகொள்ளப் பார்க்கிறவள் போலக் கேட்டாள். "ரத்தத்துக்கு ஆள் தேடறேன்னு நெனச்சேன்மா நானு. இந்தப் பொண்ணு நம்மளுக்காக ஒக்காந்துகினு கீதேன்னு இவர்கிட்ட சொன்னேன்."

"ரத்தத்துக்கும் தேடினேன் ஆண்ட்டி. ரெண்டும்தான்…"

ரத்தம் கொடுத்தவர்கள் ஏழு பேரை அவள்தான் கூப்பிட்டிருந்தாள். அதைச் சொல்லிக் காட்ட வாய் வரவில்லை. கவினே ஓட்டச் சொன்னான் என்பதையும் சொல்லவில்லை. சொன்னால் அது அவன்மேல் போய் விழும்.

"அப்போ அவன் கண்டுபிடிச்சது இன்னா?" என்று வனஜா கேட்டாள்.

"அளக்குறதுக்கு அவன் எழுதினது இருக்கு ஆண்ட்டி. அது ரொம்ப நல்லா…"

"அது இல்லமா. கண்டுபிடிச்சான்னு போட்டமே. ஊர் பூரா ஒட்டனமே. அது?"

"அப்படி ஒண்ணு இல்ல ஆண்ட்டி."

வனஜா உள்ளே போய்விட்டாள்.

எத்திராஜ் லேத்தில் மாட்டியிருந்த ராடைத் தொட்டுப் பார்த்துக்கொண்டு நின்றார். "நீ வந்து சொன்ன. சரி. சொல்லாம இருந்துருந்தா எங்களுக்குத் தெரிஞ்சிருக்காது. ஆனா சொல்லிட்ட. இனிமே தெரியாத மாதிரி இருக்க முடியாது பாரு." மெஷின் பக்கம் திரும்பி, "போய்ட்டு வாம்மா" என்றார். அவள் படி இறங்குவதற்குள் மெஷினைப் போட்டுவிட்டார். இரும்பு சீவும் சத்தம் தெருமுனை வரைக்கும் கேட்டது. அவள் அழுதது பஸ்ஸில் ஏறிய பிறகுதான். பக்கத்தில் உட்கார்ந்திருந்த அம்மாள் கன்னடத்தில் உடம்பு சரியில்லையா என்று கேட்டாள். இல்லை என்று தலையாட்டினாள்.

குறிப்பு பிப்ரவரியில் வெளியானது. லாவண்யாவுக்கு இரண்டு வருஷ வேலை போனது. இல்லாத ஒன்று எதனால் உண்டாகிறது என்று அவள் நூற்று நாற்பது பக்கம் எழுதி வைத்திருந்தாள். உதவித்தொகை முடிய ஒன்றரை வருஷம் இருந்தது. அதற்குள் புது விஷயம் எடுத்து முதலிலிருந்து தொடங்க வேண்டும். ஒருநாள் கேன்டீனில் எல்லோர் முன்னாலும் ஜோவிதாவிடம் வந்து நின்றாள்.

"எல்லாரும் உங்களைப் பாராட்டறாங்க அக்கா. எவ்ளோ நேர்மைன்னு. அந்தப் பதிவை ரெண்டு வருஷம் முன்னாடி ஒரு தடவ திறந்து பாத்திருக்கலாமில்ல? நான் இந்த விஷயத்தை எடுக்கறதுக்கு முன்னாடி?"

ஜோவிதா பார்த்திருக்கலாம். அவ்வளவுதான். லாவண்யா தட்டை வைத்துவிட்டுப் போனாள். அதன்பிறகு தாழ்வாரத்தில் எதிரே வந்தாலும் போனைப் பார்த்தபடி கடந்துபோனாள்.

மார்ச்சில் கான்ட்ராக்ட் புதுப்பிக்கப்படவில்லை. கமிட்டி கடிதத்தில் காரணம் எதுவும் இல்லை. தேசிகன் அறைக்குப் போய்ச் சாவியைக் கொடுத்தபோது அவர், "ரெஃபரன்ஸ் வேணும்னா எழுதித் தரேன்" என்றார். கேட்டால் நிச்சயம் நல்லபடியாக எழுதியிருப்பார். அவள் கேட்கவில்லை. மற்ற ஊர்களில் நாலு நிலையங்களுக்கு எழுதிப் பார்த்தாள். இரண்டிடமிருந்து பதில் வரவில்லை. ஒன்று இடமில்லை என்றது. நாலாவதில் ஆன்லைன் இன்டர்வியூவில் ஒருவர் அந்த வாபஸைப் பற்றிக் கேட்டார். சொன்னாள். அவர் நன்றி சொன்னார். அத்தோடு சரி.

மே மாதம் எலெக்ட்ரானிக் சிட்டியில் ஒரு கம்பெனியில் சாஃப்ட்வேர் சோதிக்கும் வேலை கிடைத்தது. வாடகைக் கார் கம்பெனிகளுக்கு பில் போடும் சாஃப்ட்வேர். மற்றவர்கள் எழுதியதில் தப்பு கண்டுபிடிக்க வேண்டும். அவள் நிறையவே கண்டுபிடித்தாள். ஒரே இடத்தை ஐந்து தடவை, ஆறு தடவை பார்த்தாள். "கொஞ்சம் வேகமா பண்ணணும்" என்று மேனேஜர் முதல் மதிப்பீட்டிலேயே எழுதினார். சில நாட்களில் வீட்டிலிருந்து கிளம்பிய பிறகு, கேஸை அணைத்தேனா, வெளிக்கேட்டைச் சாத்தினேனா என்று கேபை நிறுத்தச் சொல்லிவிட்டு அப்பாவுக்குப் போன் செய்தாள். சிரில் ஒவ்வொரு தடவையும் எழுந்து போய்ப் பார்த்துவிட்டு, "அணைச்சுதாம்மா இருக்கு" என்று சொன்னார். மருத்துவரைப் பார்க்கலாம் என்று ஒருமுறை சொன்னார். பார்க்கலாம் என்றாள். இதுவரை போகவில்லை.

அடுகோடிக்கு அவள் மறுபடி போகவில்லை. கம்பெனி கேப் தினமும் அடுகோடியைத் தாண்டி ஓசூர் ரோடு வழியாகத்தான் போகும். இரண்டு தடவை எத்திராஜுக்குப் போன் செய்தாள். மணி அடித்து நின்றது. அவர் திரும்பக் கூப்பிடவில்லை.

இந்த வருஷம் ஜனவரியில், ஒரு செவ்வாய்க்கிழமை பகல் பன்னிரண்டு மணிக்கு, லாவண்யாவிடமிருந்து அழைப்பு வந்தது. ஜோவிதா சீட்டிலிருந்து எழுந்து மாடிப்படிப் பக்கம் போய் எடுத்தாள்.

"அக்கா, பிஸியா?"

"இல்ல, சொல்லு."

"கவின் எழுதினதுல காந்தப்புலத்துக்கு நேர் திசையையும் குறுக்குத் திசையையும் பிரிக்கிறாரில்ல, அங்க ஒண்ணு புரியல. மொத்தப் பெட்டிக்கும் ஒரே திசை வைக்கல. ஒவ்வொரு இடத்துக்கும் அந்த இடத்துப் புலத்தைத் தனியா எடுத்துக்கிறாரு. ஏன்னு எங்கயும் எழுதி வைக்கல. தேசிகன் சாருக்கும் தெரியல."

ஜோவிதாவுக்குத் தெரியும். கவினும் அவளும் அதைப் பற்றி ஒரு மாதம் சண்டை போட்டிருக்கிறார்கள். சின்னச் சுழலுக்கு மொத்தப் பெட்டியின் காந்தப்புலம் தெரியாது, தான் உட்கார்ந்திருக்கும் இடத்தில் புலம் எந்தப் பக்கம் வளைந்திருக்கிறதோ அதுதான் அதற்குத் திசை, மொத்தத் திசையை வைத்து அளந்தால் நேரும் குறுக்கும் ஒன்றோடொன்று கலந்துபோகும் என்று சொன்னாள். எந்த அளவுச் சுழலுக்கு எவ்வளவு தூரம் சராசரி எடுக்க வேண்டும் என்பதை கவின் எப்படி முடிவு செய்தான் என்றும் சொன்னாள். லாவண்யா எழுதிக்கொண்டாள், இடையிடையே குறுக்குக் கேள்வி கேட்டாள். முக்கால் மணி நேரம் போனது. அப்படிப் பேசி ஜோவிதாவுக்குப் பத்து மாதம் ஆகியிருந்தது.

"எப்படிப் போகுது?" என்று கடைசியில் கேட்டாள்.

"போகுது. எல்லாரும் சொல்ற மாதிரிதான் வருது. ஆற்றல் குறுக்குவாட்டுல வேகமா இறங்குது, புலத்தோட போக்குல மெதுவா. புதுசா ஒண்ணும் இல்ல. ஆனா எண் சுத்தமா வருது. தீசிஸுக்குப் போதும்னு சார் சொல்றாரு. நன்றிக் குறிப்புல கவின் பேரு போடறேன். உங்க பேரு போடலாமான்னு சார்கிட்ட கேட்டேன். வேணாம்னுட்டாரு."

"பரவால்ல."

"நானும் ரொம்ப வற்புறுத்தல அக்கா."

"சரி."

"வைக்கிறேன்."

ஜோவிதா போனைக் கையில் வைத்துக்கொண்டு படிக்கட்டிலேயே சிறிது நேரம் நின்றாள். கீழ்த்தளத்தில் யாரோ மத்தியானச் சாப்பாட்டை சூடு பண்ணும் வாசனை வந்தது. அவளுடைய குழுவில் பன்னிரண்டரை மணிக் கூட்டம் ஆரம்பித்திருந்தது. கண்ணாடிக் கதவு வழியாக மேனேஜர் கையைக் காட்டிக் கூப்பிட்டார். உள்ளே போய் உட்கார்ந்தாள். நேற்று என்ன முடித்தாய், இன்று என்ன செய்யப் போகிறாய் என்று வரிசையாகக் கேட்டுக்கொண்டு வந்தார்கள். அவள் முறை வந்தபோது, நேற்று பார்த்த பக்கத்தையே இன்றும் ஒருமுறை பார்க்க வேண்டும் என்றாள். யாரோ லேசாகச் சிரித்தார்கள். மேனேஜர் அதைக் குறித்துக்கொண்டு அடுத்த ஆளிடம் போனார்.